முகப்பில் உள்ள பெயரை நம்பலாமா? ஒரு பழைய ஃப்ளை ரீலைப் பற்றி

ஜனவரி 9

வந்த கேள்வி: "அண்ணா, பழைய ஃப்ளை ரீல் (பூச்சி போன்ற தூண்டிலை வீசும் கோலில் லைனைச் சுற்றி வைக்கும் சக்கரம்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. விட்டம் 3 3/8 அங்குலம். அலுமினிய உடம்பு, பித்தளைப் பாதம், கறுப்புப் பூச்சு. முகப்பில் ஒரு துப்பாக்கிக் கடையின் பெயர் பொறித்திருக்கிறது. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம் செய்த யூனிக்கா ரீலேதான். அந்தக் கடைக்காக ஹார்டி செய்து கொடுத்திருக்க வேண்டும். முகப்பில் பாதியை மெருகு போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டேன், மீதியை நாளை முடிப்பேன். இதை வைத்து மீன் பிடிக்கலாமா?"

ஜனவரி 9, இரவு

தம்பி, முதலில் அந்த மெருகுத் துணியைக் கீழே வையுங்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. ரீல் பட்டறையிலிருந்து வெளியே வரும்போதே அதன் மேல் இருந்த பூச்சு. வெயில் பட்டு ரீல் மின்னினால் மீன் மிரளும் என்று போட்டது. அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம், திரும்ப வைக்க வழி கிடையாது.

அடுத்தது பெயர். முகப்பில் இருப்பது விற்றவர் பெயர். அவரே செய்தவராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 19-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் பட்டறைகள் பித்தளை ரீல்களைக் குவியல் குவியலாகக் கடைந்து தள்ளின. வாங்கிய கடைக்காரர் தன் பெயரைப் பொறித்து விற்றார். பிற்காலத்தில் ரெடிச்சில் இருந்த ஜே.டபிள்யூ. யங் நிறுவனமும் பிரிடெக்ஸ், பியூடெக்ஸ் என்று தன் பெயரில் விற்றதோடு, மற்றவர்கள் பெயரிலும் ஏராளமாகச் செய்து கொடுத்தது. ஆகவே உங்கள் ரீலின் முகப்பு சொல்வது ஒன்றே ஒன்று: இவர் விற்றார்.

ஹார்டி இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பாதத்தை நெருக்கமாகப் பார்த்து எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

ஜனவரி 11

பாதம் என்று நான் சொல்வது, ரீலைத் தூண்டில் கோலின் பிடியில் பொருத்தும் அந்த நீளத் தகடு. எந்தப் பழைய ரீலைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

ஹார்டி ரீல்களில் இதற்கு ஒரு வரிசை உண்டு. வழுவழுப்பான பித்தளைப் பாதம் முந்தியது. நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் ஓடும் பித்தளைப் பாதம் அடுத்தது. அலுமினியக் கலவைப் பாதம் அதற்கும் பிந்தியது. ஒன்று முடிந்த நாளில் மற்றது தொடங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறையில் மிச்சம் இருந்த பாகத்தை யாரும் தூக்கி எறிவதில்லை.

பாதத்தின் இரு நுனிகளையும் பாருங்கள். அளவு ஒன்றாக இருக்கிறதா? பழைய கோல்களின் பிடிகள் ஒரே அளவில் வந்தவை இல்லை. பொருந்தாதபோது பலர் அரத்தை எடுத்து நுனியைத் தேய்த்துவிட்டார்கள். என்னிடம் உள்ள ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல் ஒன்றில் முன்நுனி மட்டும் அரை நகம் அளவு குட்டை. சாய்வெளிச்சத்தில் பிடித்தால் அரத்தின் கோடுகள் குறுக்கே தெரிகின்றன, பின்நுனியில் அப்படி எதுவும் இல்லை. சேகரிப்பவர்களுக்கு இது பெரிய குறை, மதிப்பு சட்டென்று இறங்கிவிடும். மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ரீலை நான் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். பாதத்தை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. உடைந்த பாதத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். பாதம் உடம்போடு சேரும் இடத்தில் ரிவிட்டா திருகாணியா என்று பாருங்கள். ஒரு பக்கம் ரிவிட், மறுபக்கம் திருகாணி என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திருகாணித் தலைகளின் வெட்டு சிதைந்திருந்தாலும் அதே பொருள்தான்.

பாதம், செக் (லைன் ஓடும்போது 'கிர்ர்' என்று சத்தம் போடும் உள்பொறி), லைன் வளையம், கைப்பிடி, பூச்சு. இந்த ஐந்தும் ஒரே காலத்தைச் சொன்னால் நம்பலாம். நான்கு ஒன்றைச் சொல்லி ஒன்று வேறு சொன்னால், அந்த ஒன்றுதான் பிறகு வந்து சேர்ந்தது.

ஜனவரி 15

"உள்ளே திறந்து பார்க்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள். ஆனால் அவசரம் வேண்டாம்.

வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் விளிம்பு உயர்ந்த தட்டு வைத்து, அதற்குள் வேலை செய்யுங்கள். சாதாரண ஸ்க்ரூட்ரைவரின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும், திருகாணியின் வெட்டில் மேல்விளிம்பை மட்டும் பிடித்து அதைப் பிய்த்துவிடும். நுனி இரு பக்கமும் இணையாக இருக்கிற, கடிகாரக்காரர்களும் துப்பாக்கி பழுது பார்ப்பவர்களும் வைத்திருக்கிற வகைதான் வேண்டும். வெட்டின் அகலத்துக்குச் சரியாக நுனியைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியத்துக்குள் எஃகுத் திருகாணி பல காலம் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் ஒட்டிப் பிடித்துவிடும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் இளஞ்சூடு காட்டுங்கள். பின்னோக்கித் திருப்புவதற்கு முன் ஒரு இம்மி அளவு இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த அசைவிலேயே பிடி விடும்.

ஹார்டி பெர்ஃபெக்டாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 1891-இல் வந்த அந்த ரீலின் பெருமையே குண்டு பேரிங்தான். எஃகுக் குண்டுகள் ஒரு பள்ளத்தில் வரிசையாகக் கிடக்கும். ஸ்பூலை, அதாவது லைன் சுற்றும் உருளையை, தூக்கினால் ஒன்றிரண்டு உருண்டு ஓடும். உங்களுடையதில் அது கிடையாது. பழைய ரீலைத் திறப்பது ஒரு பழக்கம், ஒன்றோடு நிற்காது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

என் கையில் நடந்ததையும் சொல்கிறேன். முதல்முறை செக்கைக் கழற்றியபோது, மயிரிழை போன்ற அந்த வளைந்த சுருள்வில் 'டிக்' என்று எகிறிப் போனது. மூன்று நாள் தேடினேன். காந்தம் கட்டிய குச்சியால் அலமாரிக்கு அடியில் துழாவியபோது ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வில்லின் மேல் விரல் வைத்துக்கொண்டேதான், அது அழுத்தும் நாக்கைத் தூக்குகிறேன்.

ஜனவரி 16

கண்டுபிடித்துவிட்டீர்கள்! "பின்தகட்டின் உள்பக்கம் ஒற்றை ஆங்கில எழுத்து 'டி' (D) அடித்திருக்கிறது. வேறு எதுவும் இல்லை." படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அது டிங்லி. நார்தம்பர்லாந்தில் ஆல்ன்விக் என்று எழுதி ஆன்னிக் என்று சொல்லும் ஊர். 1872-இல் வில்லியம் ஹார்டி கடை திறந்த இடம். ஹார்டி பட்டறையில் வேலை பார்த்த டிங்லி வெளியே வந்து அதே ஊரில் தன் பட்டறையைத் தொடங்கினார். தன் பெயரில் விற்பதைவிட மற்றவர்களுக்குச் செய்து கொடுப்பதே அவருடைய தொழில். லண்டனின் ஃபார்லோ கடையின் பெயரில் வந்த ரீல்கள் பலவும் அவர் செய்தவைதான். வெளியே கடைக்காரர் பெயர், உள்ளே 'டி'.

இப்போது உங்கள் குழப்பத்துக்கும் காரணம் புரிகிறது. யூனிக்கா மாதிரியே இருக்கிறது என்றீர்கள். இருக்கத்தான் செய்யும். அங்கே தொழில் கற்ற கை அது. நீங்கள் சொன்னது தவறு, ஆனால் உங்கள் கண் தவறவில்லை.

வருத்தப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லப் போவதில்லை, வருத்தப்பட எதுவும் இல்லை. டிங்லி வேலைப்பாடு ஹார்டிக்குக் குறைந்தது இல்லை. ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், சுற்றிலும் ஒரே அளவு. விரலால் ஸ்பூலை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியாது.

ஜனவரி 17

ஹார்டி ரீல்களுக்குள்ளும் தொழிலாளியின் முதலெழுத்துகள் அடித்திருக்கும், ஒரு 'டி'யை வைத்து எப்படி முடிவு செய்தீர்கள் என்று இன்னொருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. எழுத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஹார்டி பெரும்பாலும் தன் பெயரைப் பொறிக்கிற நிறுவனம். இதில் ஹார்டி பெயரே இல்லை, கடைக்காரர் பெயர் இருக்கிறது, அமைப்பு முழுக்க ஆன்னிக் பாணி, உள்ளே தனியாக 'டி'. நான்கும் சேர்ந்ததால் சொன்னேன்.

ஜனவரி 24

பேச்சு அமெரிக்க ரீல்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. நல்லதுதான், எனக்கு மனம் அங்கேதான் அதிகம் போகும்.

"என் ரீலில் அக்டோபர் 8, 1889 என்று காப்புரிமைத் தேதி இருக்கிறது, ஆகவே அது 1889-இல் செய்தது" என்கிறார் ஒருவர். அது புரூக்ளின் ஜூலியஸ் வாம் ஹோஃப் ரீல். அந்தத் தேதி காப்புரிமை கொடுத்த நாள். அதற்குப் பிறகு பல வருடங்கள் அதே தேதியை அடித்து ரீல் செய்துகொண்டே இருந்தார்கள். காப்புரிமைத் தேதி சொல்வது, இதற்கு முன் இல்லை என்பதை மட்டும். எதற்குள் என்று அது சொல்லாது.

அதே மாதிரிதான் 'இங்கிலாந்து' என்ற முத்திரையும். 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டத்தால், 1891 முதல் அமெரிக்காவுக்கு வரும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று ஆனது. முத்திரை இருந்தால் ஏறத்தாழ அதற்குப் பின். இல்லை என்றால் முன் என்று அர்த்தம் இல்லை, அமெரிக்காவுக்குப் போகாத ரீலாகவும் இருக்கலாம்.

தேதியே ரீலின் பெயராகிவிட்ட ஒன்று உண்டு. வெர்மான்ட் மாநிலம் மான்செஸ்டரில் சார்ல்ஸ் ஆர்விஸ் 1874 மே 12-இல் காப்புரிமை வாங்கிய ரீல். குறுகலாக, நெட்டுக்குத்தாக நிற்கும். இரண்டு பக்கத் தகடுகளிலும் வட்ட வட்டமாகத் துளைகள். பட்டு லைன் காற்றோட்டத்தில் உலரத்தான் அந்தத் துளைகள், எடையும் குறைந்தது. ஸ்பூல் குறுகலாக இருப்பதால் லைன் உயரமாகச் சுற்றிக்கொள்ளும், ஒரு சுற்றுக்கு அதிக நீளம் உள்ளே வரும். இன்றைய ஃப்ளை ரீலைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்த உருவம்தான்.

ஜனவரி 25

வாம் ஹோஃப் என்று எழுதிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

என்னிடம் ஒன்று இருந்தது. பக்கத் தகடுகள் எபோனைட், விளிம்பு வளையங்கள் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். கரிக்கட்டை போல ஆழ்ந்த கறுப்பு. உள்ளே பழைய கிரீஸ் கட்டியாக இருந்ததால் சுடுநீரில் ஊறவைத்தேன். எடுத்தபோது தகடு முழுக்கப் பாசி பிடித்த மாதிரி பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு அதன் மேல்தோல் ஏற்கெனவே சிதைந்திருக்கும், சுடுநீர் அதை ஒரே நாளில் வெளியே காட்டிவிடும். அந்த நிறம் திரும்பவில்லை. எபோனைட் ரீலை உலர்ந்த துணியால் துடையுங்கள், இருட்டில் வையுங்கள். தண்ணீர் காட்டவே வேண்டாம்.

பிப்ரவரி 2

கறுப்புத் தகடு எபோனைட்டா பேக்கலைட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டைவிரலால் ஓர் இடத்தைச் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்து உடனே மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் எபோனைட். பழைய மருத்துவமனை வாசனை, அதாவது கார்பாலிக் நெடி அடித்தால் பேக்கலைட். பேக்கலைட் 1907-க்கு முன் கிடையாது, ஆகவே மூக்கே ஓரளவு காலத்தையும் சொல்லிவிடும்.

கைப்பிடி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் எல்லாரும் தந்தம் என்கிறார்கள். பெரும்பாலும் அது ஐவரின் எனப்பட்ட செயற்கைப் பொருள். அசல் தந்தத்தின் வெட்டுமுகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னியிருக்கும். ஐவரினில் அது இருக்காது, இருந்தால் இணைகோடுகள் இருக்கும். உண்மையிலேயே தந்தம் என்றால் விற்பதற்கும் எல்லை தாண்டி அனுப்புவதற்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்தைய, தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பொருள்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பதிவு செய்தாக வேண்டும்.

பிப்ரவரி 4

பித்தளைப் பாதத்தில் பச்சை படர்ந்திருக்கிறது என்கிறீர்கள். களிம்பு. செம்பு இருக்கிற இடத்தில் களிம்பும் இருக்கும். தோல் உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் தோலில் உள்ள அமிலமே அதைக் கிளப்பிவிடும். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, மெதுவாகச் சுரண்டுங்கள். உலோகத் தூரிகை வேண்டாம். ரீலைத் தோல் உறையில் வைத்துப் பூட்டவும் வேண்டாம், உறை தனியே, ரீல் தனியே.

கட்டிப்போன பழைய கிரீஸுக்கு மண்ணெண்ணெய் போதும். காஸ்டிக் சோடா கலந்த எதையும் அலுமினியத்தின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும்.

பிப்ரவரி 19

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மீன் பிடிக்கலாமா? பிடிக்கலாம். ஆனால் 'கிர்ர்ர்' என்று கத்தும் அந்தச் செக், பிரேக் ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆற்றில் இறங்கினால் முதல் நல்ல மீனிலேயே வருத்தம்தான்.

உள்ளே இருப்பது ஒரு பல்சக்கரம், அதில் உரசும் முக்கோண நாக்கு, நாக்கை அழுத்தும் வில். மீன் இழுக்கும்போது நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டுகிறது. வில் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் எதிர்ப்பு. முக்கிய வேலை, மீன் சட்டென்று நிற்கும்போது ஸ்பூல் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே போய் லைன் கூடு கட்டாமல் தடுப்பது. மீனைக் களைக்க வைப்பது உங்கள் கையும் கோலும்.

ஏன் இவ்வளவு மென்மையாக வைத்தார்கள்? அன்று நுனியில் கட்டியது நைலான் இல்லை. பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைத்த நரம்பு, ஸ்பெயினின் முர்சியாவில் செய்தது. முடிச்சுப் போடுவதற்கு முன் ஊறவைக்க வேண்டும், காய்ந்திருந்தால் பட்டென்று உடையும். அந்த நரம்பைக் காப்பாற்றத் தோதாக அமைந்த ரீல் இது.

1970-களில் பரவிய ஹார்டி மார்க்விஸ் போன்ற ரீல்களில் ஸ்பூலின் விளிம்பு சட்டத்துக்கு வெளியே வந்து நிற்கும், உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்கலாம். உங்கள் டிங்லியில் விளிம்பு சட்டத்துக்குள் இருக்கிறது, அணைக்க இடமில்லை. சட்டத்தின் தூண்களுக்கு இடையே ஒரு விரலை நுழைத்து, சுற்றியிருக்கும் லைனின் மேலேயே மெல்ல அழுத்துங்கள். ஆள்காட்டி விரல் வேண்டாம், நடுவிரல். ஆள்காட்டி விரல் கோலோடு லைனைப் பிடிக்கத் தேவைப்படும். கைப்பிடி சுழலும் வட்டத்துக்குள் முட்டியை விடாதீர்கள், மீன் ஓடும்போது அது சுத்தியல் மாதிரி அடிக்கும்.

தண்ணீருக்குப் போகும் முன் செக்கைத் திறந்து நாக்கின் நுனியைப் பாருங்கள். கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் பல்லில் பிடிக்காமல் வழுக்கும். நாக்கில் மெல்லிய கிரீஸ் ஒரு பூச்சு, நடு அச்சில் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதிகம் விட்டால் மணலை இழுத்துக்கொள்ளும்.

பிப்ரவரி 20

இடக்கையால் சுற்றலாமா என்ற கேள்வி. ஹார்டியின் 1936 லைட்வெயிட், பிற்பாடு எல்ஆர்எச், பிரின்சஸ் வகைகளில் இரண்டு நாக்குகள் இருக்கும். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று மாற்று. திருப்பி வைத்தால் கை மாறிவிடும். உங்கள் ரீலில் ஒரே நாக்கு. வலக்கையாலேயே சுற்றுங்கள். நூறு வருடம் ஒரு திசையில் தேய்ந்த பல்சக்கரத்தை எதிர்த்திசையில் உழைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

மார்ச் 3

எந்த லைன் போடுவது?

பழைய லைன் பெட்டிகளில் ஹெச்.சி.ஹெச்., ஹெச்.டி.ஹெச். என்று எழுத்துகள் இருக்கும். அவை தடிமனைக் குறிப்பவை. ஏ என்றால் 0.060 அங்குலம், அடுத்தடுத்த எழுத்துக்கு 0.005 குறையும். ஆகவே சி 0.050, ஹெச் 0.025. ஹெச்.சி.ஹெச். என்றால் நுனி மெலிந்து, நடு தடித்து, மறுநுனியும் மெலிந்த லைன். பட்டு ஒன்றே இருந்தவரை தடிமன் தெரிந்தால் எடையும் தெரிந்த மாதிரிதான். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தபின் அந்தக் கணக்கு உடைந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் சாதன உற்பத்தியாளர் சங்கம் எடைக் கணக்குக்கு மாற்றியது: முதல் 30 அடி லைனின் எடை. 6-ஆம் எண் என்றால் 160 கிரெயின் (பழைய சிறு எடை அலகு).

உங்கள் 3 3/8 ரீலுக்கு 6-ஆம் எண் இரட்டைச் சரிவு லைன், அதாவது இரு நுனியும் மெலிந்தது, தாராளமாக உட்காரும். அடியில் பேக்கிங் நூல் அறுபது கஜம்.

மார்ச் 5

"தாராளமாக" என்று எழுதியது தப்பு. நேற்று என் ரீல் ஒன்றில் சுற்றிப் பார்த்தேன். பட்டு லைனை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். ஒரே எடைக்கு இன்றைய மிதக்கும் லைன் பட்டைவிடத் தடிமன், ரீலில் அதிக இடம் பிடிக்கும். விளிம்புக்கு மேல் பொங்கினால் தூண்களில் உரசி லைன் தோல் உரியும்.

முதலில் தலைகீழாகச் சுற்றுங்கள். லைன் அடியில், அதன் மேல் பேக்கிங், விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரும்வரை. அங்கே பேக்கிங்கை வெட்டி, எல்லாவற்றையும் எடுத்து, திருப்பிச் சுற்றுங்கள். அறுபது கஜமா நாற்பதா என்பதை ரீலே சொல்லிவிடும்.

பட்டு லைனே போடப் போகிறீர்கள் என்றால் ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் ரீலிலிருந்து முழுக்கக் கழற்றி, நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி உலரவிட வேண்டும். ஈரத்தோடு ரீலில் விட்டால் மக்கிவிடும்.

ஏப்ரல் 28

"மூன்று மீன். ஒன்று பேக்கிங்வரை இழுத்தது. நடுவிரல் நுனி எரிகிறது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தேன். விரல் ஆறிவிடும்.

ஏப்ரல் 30

இதைக் கேட்டு உற்சாகமாகி ஒருவர் ஹார்டியின் செயின்ட் ஜார்ஜ் ரீலைத் தேடத் தொடங்கியிருக்கிறார். 1911-இல் வந்த அருமையான ரீல். லைன் வெளியே வரும் இடத்தில் அகேட் கல் வளையம் இருக்கும். அந்தக் கல்லை நம்பி வாங்காதீர்கள், சோதித்து வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒரு துணுக்குப் பஞ்சை விரல் நுனியால் வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் மெல்ல ஓட்டுங்கள். நல்ல கல்லில் பஞ்சு பனிக்கட்டி மேல் போவது போல வழுக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் ஓர் இழை நின்றுவிடும். என்னுடையதில் மணி ஏழு இருக்கும் இடத்தில் நின்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு பருவத்தில் என் பட்டு லைனைப் பஞ்சாகக் கிழித்தது. காரணம் தெரியாமல் நான் கோலின் வளையங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14

ஆன்னிக் ரீல்களைப் பற்றியே பேசுவதால் மற்றவை இளைத்தவை என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. பழைய ரீலோடு பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃப்ளூகர் மெடலிஸ்ட். ஒகாயோவின் ஆக்ரனில் செய்தது. ஏராளமாக வந்ததால் உதிரிபாகம் கிடைக்கும். 1494, 1495 என்று எண்ணிலேயே அளவு தெரியும். ஆக்ரன் என்ற பெயர் இருந்தால் முந்தியது, வெளிநாட்டுப் பெயர் இருந்தால் பிந்தியது. ஸ்பூலைக் கழற்றி மாட்ட ஒரு தாழ்ப்பாள், பக்கத்தில் இழுவையைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். வேலை செய்வதற்கென்றே பிறந்த ரீல்.

ஆகஸ்ட் 22

ஸ்பிட்ஃபயர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பூச்சுப் பொருள் கிடைக்காமல் ஹார்டி சில ரீல்களை வெறும் உலோக நிறத்திலேயே விட்டது. சேகரிப்பவர்கள் அதை ஸ்பிட்ஃபயர் பூச்சு என்கிறார்கள். அரிதானது என்பதால் சாதாரண ரீலின் கறுப்பைச் சுரண்டிவிட்டு அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. நானும் ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். பொறித்த எழுத்துகளின் பள்ளத்தையும் திருகாணித் தலையைச் சுற்றிய மூலையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கறுப்பு மிச்சம் ஒளிந்திருந்தால் அது பிறகு உரித்தது. என்னுடையதில் 'ஹார்டி' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குள் மட்டும் மை மாதிரி ஒரு புள்ளி இருந்தது.

நவம்பர் 6

"மெருகு போட்ட பாதியை மறுபடி கறுப்பாக்கிவிடவா அண்ணா? பார்க்கவே சங்கடமாக இருக்கிறது" என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. புதுக்கறுப்பு பழைய கறுப்போடு சேராது, எல்லைக்கோடு இன்னும் துல்லியமாகத் தெரியும். ஆகஸ்ட் குறிப்பில் எழுதியதையும் நினைத்துப் பாருங்கள். நாளைக்கு இந்த ரீலைத் திறந்து பார்க்கிறவர் எழுத்துப் பள்ளத்தில் இரண்டு விதக் கறுப்பைப் பார்த்தால் உள்ளே இருக்கும் 'டி'யைக்கூடச் சந்தேகப்படுவார்.

இன்னொன்று. முதல் நாள் இரவு திரும்ப வைக்க வழி கிடையாது என்று கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன். நீங்கள் இப்போது அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்தேன். பளபளத்த பாதி மங்கத் தொடங்கிவிட்டது. ஸ்பூல் தாழ்ப்பாளுக்குக் கீழே, உங்கள் நடுவிரல் படுகிற இடத்தில், சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது. அதை அப்படியே விடுங்கள். அடுத்த பருவம் முடிந்ததும் இன்னொரு படம் அனுப்புங்கள்.